தடுப்பூசி அட்டை இருந்தால்தான் கதவு திறக்கும்!
தென்னந்தோப்பில் ஒரு நாய்க் காப்பகம்

கோவையிலிருந்து பொள்ளாச்சி செல்லும் சாலையில், கிணத்துக்கடவு பக்கம் இருக்கிறது அந்த ஒன்றரை ஏக்கர் தென்னந்தோப்பு. காலை 5.30 மணிக்கே நாய்களின் குரைப்பில் தோப்பு விழித்துக்கொள்கிறது. லேப்ரடார், பக், பொமரேனியன், ராஜபாளையம், இரண்டு நாட்டு நாய்கள் என்று அன்றைக்கு ஆறு விருந்தாளிகள். இவற்றில் ஒன்றுகூடத் தோப்புக்காரர்களுடையது அல்ல. வெளியூர் போன குடும்பங்கள் விட்டுச் சென்றவை.

தோப்பை நடத்துவது ஐம்பதை எட்டும் ஒரு தம்பதி. 2016-ம் ஆண்டு வாக்கில் பொள்ளாச்சி வட்டாரத் தென்னையில் சுருள் வெள்ளை ஈ பரவியது. பின்னாலேயே வேர் வாடல் நோயும் தொல்லை கொடுத்தது. காய் வரத்து குறைந்ததும், நான்கு மாடுகளில் மூன்றை விற்றுவிட்டார்கள். காலியாகக் கிடந்த கொட்டகையில், கல்யாணத்துக்குப் போன கோவை உறவினர் தன் நாயை நான்கு நாள் விட்டுச் சென்றார். அவர் சொல்லி இன்னொருவர், அவர் சொல்லி மற்றொருவர் என்று வந்தார்கள். அப்படித்தான் தொழில் தொடங்கியது. இப்போது பத்து அறைகள் இருக்கின்றன.

சாணி அள்ளுவதுபோல் இதுவும் தினசரி வேலை

முதல் வேலை, ஒவ்வொரு நாயையும் கயிற்றில் பிடித்துத் தனித்தனியாக நடத்திக் கூட்டிப்போவது. வெயில் ஏறுவதற்குள், 8 மணிக்கு முன்பே இதை முடித்தாக வேண்டும். அந்த நடையிலேயே பாதி வைத்தியம் முடிந்துவிடுகிறது. மலம் இறுகியிருக்கிறதா, இளகியிருக்கிறதா, நடையில் நொண்டல் உண்டா, காது மடலிலும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று அந்த அம்மா பார்த்துக்கொண்டே வருகிறார். ஒவ்வொரு அறைக் கதவிலும் ஒரு சிலேட்டு தொங்குகிறது. சாப்பிட்டது, தண்ணீர் குடித்தது, மலம், மருந்து எல்லாம் அதில் எழுதப்படும்.

அள்ளிய மலம் எருக்குழிக்குப் போவதில்லை. நாய் மலத்தில் உள்ள உருண்டைப் புழு முட்டைகள் மண்ணில் நீண்ட காலம் உயிரோடிருந்து மனிதருக்கும் தொற்றக்கூடியவை. நியோஸ்போரா என்ற ஒட்டுண்ணி நாய் மலம் வழியாகத் தீவனத்தில் கலந்தால் கறவை மாட்டுக்குக் கருச்சிதைவு ஏற்படலாம். அதனால் கிணற்றுக்குத் தொலைவில் தனிக்குழி வெட்டி, சுண்ணாம்பு தூவி மூடுகிறார்கள். மீதமுள்ள ஒற்றைப் பசுவின் வைக்கோல் படப்புப் பக்கம் எந்த நாயும் விடப்படுவதில்லை.

வீட்டில் தின்றதே இங்கும்

புதிதாக வரும் நாய் முதல் நாள் பெரும்பாலும் சாப்பிடாது. கதவையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கும். தீனியைத் திடீரென்று மாற்றினால் வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொள்ளும். ஆகவே வீட்டில் எதைத் தின்று பழகியதோ, அதையே கொடுத்துவிடச் சொல்கிறார்கள். கூடவே, வீட்டு வாசம் உள்ள ஒரு பழைய துணியும் வாங்கிக்கொள்கிறார்கள். அதை விரித்தால் பல நாய்கள் அமைதியாகிவிடுகின்றன.

சாப்பாடு எப்போதும் தனி அறையில்தான். சாதுவான இரண்டு நாய்கள்கூட ஒரே தட்டைக் கண்டால் கடித்துக்கொள்ளும். வேகவைத்த கோழி எலும்பு, வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் ஆகியவை கொட்டகைக்குள் வரக் கூடாது என்பது கண்டிப்பான விதி. பெரிய இன நாய்களைச் சாப்பிட்டவுடன் ஓடவிடுவதும் இல்லை. வயிறு உப்பி முறுக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

காலையில் வந்து மாலையில் போகும் கூட்டம்

வேலைக்குப் போகும் தம்பதிகள் சிலர் காலையில் நாயை விட்டுவிட்டு மாலையில் அழைத்துப்போகிறார்கள். இவற்றைப் பெரியவை, சிறியவை என்று பிரித்துத்தான் விளையாட விடுகிறார்கள். சினைப்பருவத்தில் இருக்கும் பெட்டை நாயைச் சேர்ப்பதில்லை. எந்நேரமும் விளையாட விட்டால் நாய் களைத்துச் சிடுசிடுக்கும், சண்டை வரும். அதனால் காலையில் ஒன்றரை மணி நேரம், மாலையில் ஒன்றரை மணி நேரம்தான் ஆட்டம். நடுப்பகல் முழுக்கத் தூக்கம்.

கோடையில் கவனம் இரண்டு மடங்கு. தகரக் கூரைக்கு மேல் தென்னங்கீற்று வேய்ந்திருக்கிறார்கள். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு வெப்பத்தை வெளியேற்றும் திறன் குறைவு. நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். அது 104-ஐத் தாண்டி, நாக்கைத் தள்ளிக்கொண்டு இளைத்தால், சாதாரணத் தண்ணீரால் உடலை நனைத்து, மின்விசிறிக் காற்றில் வைத்தபடியே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

இரக்கப்பட்டுத் திறந்த கதவு

மூன்று ஆண்டுகளுக்கு முன், மார்கழி மாதம். இரவு 9 மணிக்கு ஒருவர் இரண்டரை மாதக் குட்டியோடு வந்து நின்றார். ஊரில் அவருடைய தாயார் இறந்துவிட்டார், உடனே கிளம்ப வேண்டும். தடுப்பூசி அட்டை வீட்டில் இருக்கிறது, படம் எடுத்து அனுப்புகிறேன் என்றார். துக்கத்தில் நிற்பவரிடம் எப்படி மறுப்பது?

‘‘ஏனுங்க, அட்டையைப் பார்த்துட்டு வெச்சுக்கலாமுங்க’’ என்று அந்த அம்மா தயங்கினார்.

‘‘எழவு வீட்டுக்குப் போறவருகிட்ட அட்டை கேக்கறதா?’’ என்று கணவர் குட்டியை வாங்கிக்கொண்டார்.

அட்டை வரவில்லை. நான்காம் நாள் குட்டி வாந்தி எடுத்தது. மாலையில் ரத்தம் கலந்த, கடும் நாற்றமுள்ள கழிச்சல். மருத்துவர் சோதித்துப் பார்த்து ‘பார்வோ’ என்றார். குட்டிக்கு ஒரே ஒரு தடுப்பூசிதான் போடப்பட்டிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

பார்வோ வைரஸ் உடலில் புகுந்து அறிகுறி தெரியப் பெரும்பாலும் 3 முதல் 7 நாள் ஆகும். அறிகுறி தெரிவதற்கு முன்பே மலத்தில் வைரஸ் வெளியேறத் தொடங்கிவிடும். தரை கழுவிய துடைப்பம், செருப்பு, தட்டு எல்லாமே அதைச் சுமக்கும். மண்ணில் பல மாதங்கள் உயிரோடிருக்கும். தினமும் ஊற்றிய ஃபினாயில் அதை ஒன்றும் செய்யவில்லை.

ஐந்து நாள் கழித்து அடுத்த அறையில் இருந்த ஐந்து மாத லேப்ரடார் குட்டி படுத்துவிட்டது. அதற்குக் கடைசித் தவணை ஊசி விட்டுப்போயிருந்தது. அட்டையைத் தம்பதி வாங்கி வைத்திருந்தார்கள். தேதியைக் கூட்டிப் பார்க்கவில்லை. முதல் குட்டி குளுக்கோஸ் ஏற்றிப் பிழைத்துக்கொண்டது. லேப்ரடார் மூன்றாம் நாள் விடியற்காலை இறந்துவிட்டது. அதைச் சொல்ல போன் செய்தவர் அந்த அம்மாதான். மறுநாள் குடும்பமே வந்தது. அவர்கள் வீட்டுச் சிறுமி எதுவும் பேசவில்லை. குட்டியின் கழுத்துப்பட்டையை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அன்றே மற்ற நாய்களின் உரிமையாளர்கள் அனைவருக்கும் போன் செய்து நடந்ததைச் சொன்னார்கள். பொங்கலுக்கு முன்பதிவு செய்தவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். காப்பகம் இரண்டு மாதம் மூடிக் கிடந்தது. மண் தரையெல்லாம் வாட்டமான சிமென்ட் தரையானது அதன் பிறகுதான். மூடி மறைத்திருந்தால் ஒரு பொங்கல் வருமானம் கிடைத்திருக்கும். சொன்னதால், பழைய வாடிக்கையாளர்களில் பாதிப் பேருக்கு மேல் திரும்பி வந்தார்கள்.

கையில் நிற்பது எவ்வளவு?

பத்து அறை இருந்தால் ஆண்டு முழுவதும் பத்து நாய் இருக்கும் என்று கணக்குப் போடக் கூடாது. பொங்கல், தீபாவளி, மே மாதங்களில் நிரம்பும். மற்ற நாள்களில் காலியாகவும் கிடக்கும். சராசரியாக நாளொன்றுக்கு 4 நாய்கள், ஒன்றுக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாத வரவு 60,000 ரூபாய். உதவியாள் சம்பளம் 15,000, தீனி 12,000, மின்சாரம், சுத்தம், மருந்து 5,000, கடன் தவணையும் பராமரிப்பும் 10,000 என்று போனால் மிஞ்சுவது 18,000 ரூபாய். இது இருவரின் இரவு பகல் உழைப்புக்கான கூலி. கொட்டகையில் தினமும் ஒருவர் படுத்தாக வேண்டும். இருவரும் சேர்ந்து ஒரு விசேஷத்துக்குப் போய்ப் பல வருடங்கள் ஆகின்றன.

தொடங்க நினைப்பவர்கள் கவனத்துக்கு

* குட்டிகளுக்கு 6-8 வார வயதில் தொடங்கி, 3-4 வார இடைவெளியில், 16 வாரம் முடியும் வரை கூட்டுத் தடுப்பூசி தேவை. பிறகு ஓராண்டில் ஊக்க ஊசி. ரேபிஸ் ஊசி 3 மாத வயதில் போட்டு, மருத்துவர் சொல்லும் தேதியில் தொடர வேண்டும். தவணை முடியாத குட்டியைச் சேர்க்க வேண்டாம். முடிந்த பிறகும் இரண்டு வாரம் கழித்துச் சேர்ப்பது நல்லது.
* தரையை முதலில் சோப்பு நீரால் கழுவ வேண்டும். பிறகு 5 சதவிகித சோடியம் ஹைப்போகுளோரைட் 1 பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, 10 நிமிடம் ஊறவிட்டுக் கழுவ வேண்டும். ஆசிட்டுடன் கலக்கவே கூடாது. நச்சு வாயு கிளம்பும்.
* மாட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டின் ஊசி மருந்தை உண்ணிக்காக நாய்க்குப் போட வேண்டாம். காலி போன்ற இனங்களுக்கு உயிரே போகலாம்.
* 6 அடி உயரக் கம்பி வேலி, அடியில் மண்ணுக்குள் புதைத்தது. வாசலுக்கு இரட்டைக் கதவு. பட்டாசுச் சத்தத்தில் மிரண்ட நாய் எதையும் தாண்டும்.
* வேலை செய்பவர்கள் முன்கூட்டியே ரேபிஸ் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். கடிபட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே ஆரம்ப சுகாதார நிலையம் செல்ல வேண்டும்.
* குரைப்புச் சத்தம் அக்கம்பக்கத்துப் பகையாக மாறும். ஊராட்சியிலும் பக்கத்துத் தோட்டக்காரர்களிடமும் முதலிலேயே பேசிவிடுங்கள்.
* நாயை அசைய முடியாத இடத்தில் அடைப்பதும், நெடுநேரம் சங்கிலியில் கட்டிப்போடுவதும் 1960-ம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

மாலை 6 மணி. வாசலில் ஒரு கார் நிற்கிறது. உள்ளே ஒரு பொமரேனியன் குட்டி. ‘‘கார்டு மறந்துட்டோம், ரெண்டு நாள்தானேம்மா’’ என்கிறார் வந்தவர். இம்முறை கணவர்தான் முந்திக்கொள்கிறார். ‘‘கோவிச்சுக்காதீங்க சார். அட்டை இல்லாம முடியாதுங்க.’’ அந்த அம்மா கால்நடை மருத்துவரின் எண்ணை எழுதித் தருகிறார். கார் திரும்பிப் போகிறது. அன்றைய வரவில் ஆயிரம் ரூபாய் குறைவு. உள்ளே ஆறு நாய்கள் சோற்றுக்குக் குரல் கொடுக்கின்றன. இருவரும் தட்டுகளை எடுக்கப் போகிறார்கள்.