காற்று சுமக்கும் பாரம்

ஊருக்குக் கிளம்பும்போது 23 கிலோ பெட்டியைத் தராசில் நான்கு தடவை நிறுத்துப் பார்க்கிறவர்கள் நாம். அதே பெட்டிகளைக் காருக்குள் திணிக்கும்போது யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. நானும் பார்த்ததில்லை, சென்ற கோடையில் அமெரிக்க நெடுஞ்சாலையில் ஏழு பேராக மினிவேனில் 600 மைல் கிளம்பிய அன்று வரை. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் ஒரு ஸ்டிக்கர் தெரியும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து 1150 பவுண்டைத் தாண்டக்கூடாது, டயரில் காற்று 35 பி.எஸ்.ஐ. இருக்கவேண்டும் என்று அதில் போட்டிருந்தது. 1150 பவுண்டு என்றால் சுமார் 520 கிலோ. பெரியவர்கள் ஐவர், பிள்ளைகள் இருவர், பெட்டிகள் ஐந்து. மனக்கணக்கிலேயே 525 வந்துவிட்டது.

டயரில் பாரத்தைத் தாங்குவது பெரும்பாலும் உள்ளே அடைபட்ட காற்றுதான்; ரப்பரும் கம்பியும் அந்தக் காற்றைப் பிடித்துவைத்திருக்கும் பை. ஒரு சக்கரத்தின் மேல் 1100 பவுண்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 35 பி.எஸ்.ஐ.யில் அந்த டயர் ஏறக்குறைய 31 சதுர அங்குலம், அதாவது ஒரு கையகலம், தரையில் பதியும். காற்று 26 ஆகக் குறைந்தால் அதே பாரத்துக்கு 42 சதுர அங்குலம் வேண்டும். அதற்காக டயர் கூடுதலாகச் சப்பையாகிறது. பக்கச்சுவர் மடிந்து நிமிர்கிறது, நெடுஞ்சாலை வேகத்தில் நொடிக்குப் பத்து தடவைக்கு மேல். ஒரு கம்பியை இப்படியும் அப்படியுமாக வளைத்தால் வளைந்த இடம் சுடுமே, அந்தச் சூடுதான் இங்கும். சூடு ஏற ஏற, மேற்பட்டைக்கு அடியில் இருக்கும் இரண்டு எஃகுப் பட்டைகளின் ஓரங்களில் ரப்பர் விரிசல் விடுகிறது. ஒருநாள் பட்டை உரிந்துவிடுகிறது. கோடையில் சாலையோரம் முதலைத் தோல் மாதிரிக் கிடப்பதெல்லாம் அதுதான். காற்றைக் குறைப்பதும் பாரத்தைக் கூட்டுவதும் டயருக்கு ஒன்றே. நான் அன்று இரண்டையும் செய்திருந்தேன்.

ஃபோர்டு எக்ஸ்புளோரர் விவகாரம் நினைவிருக்கலாம். 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. பட்டை உரிந்து வண்டி உருண்டதில் இறந்தவர்கள் 271 பேர் என்று அமெரிக்க அரசு பின்னர் கணக்கிட்டது. அந்த வண்டிக்கு ஃபோர்டு சொன்ன அழுத்தம் 26. ஃபயர்ஸ்டோனோ 30 வேண்டும் என்றது. டயர்தான் குற்றவாளி என்று இவர்களும், வண்டிதான் என்று அவர்களும் மாறி மாறிச் சொன்னார்கள். (ஹென்றி ஃபோர்டின் பேரனும் ஹார்வி ஃபயர்ஸ்டோனின் பேத்தியும் 1947-ல் மணந்துகொண்டவர்கள், அவர்கள் மகன்தான் அப்போது ஃபோர்டு தலைவர். சம்பந்திச் சண்டை என்றே சொல்லலாம், ஃபயர்ஸ்டோன் 1988-லேயே ஜப்பானியர் கைக்குப் போய்விட்டாலும்.) அரசு விசாரணை 2001-ல் டயரின் அமைப்பிலேயே குறை கண்டது. ஆனாலும் குறையுள்ள டயருக்கு மிச்சமிருந்த கொஞ்ச நஞ்சத் தெம்பையும் குறைந்த காற்றும் தெற்கு மாநிலங்களின் வெயிலும் தின்றுவிட்டன என்பதே என் எண்ணம்.

இதன் விளைவாக வந்த சட்டத்தால்தான் 2008 மாடல் முதல் அங்கே எல்லாக் கார்களிலும் காற்றழுத்த எச்சரிக்கை விளக்கு இருக்கிறது. அது எரியவில்லையே என்று நிம்மதியாக இருந்துவிடக்கூடாது. அழுத்தம் 25 சதவீதம் குறைந்தால் எரிந்தாக வேண்டும் என்பதுதான் விதி. 35-ல் 25 சதவீதம் போனால் எவ்வளவு? அதே 26!

டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அந்த டயருக்கான உச்ச அழுத்தம். நமக்கு வேண்டியது கதவில் இருக்கும் எண். அளப்பதைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன் அளக்கவேண்டும். ஓடிச் சூடான டயர் நாலைந்து பி.எஸ்.ஐ. கூட்டிக் காட்டும், அதைப் பார்த்துக் காற்றைத் திறந்துவிடக்கூடாது.

அன்று காலை என் பின் டயர்கள் இரண்டும் 28 காட்டின. விளக்கு எரியவில்லை. காற்றடித்தேன், அரிசி மூட்டை போன்ற ஒரு பெட்டியை இறக்கி வைத்தேன். அது யாருடையது என்பதில் வீட்டில் இன்னும் வழக்கு நடக்கிறது.