சுவிட்சைத் தட்டினால் நீலமாகும் ஜன்னல்!

வெயில் ஏறினால் ஜன்னலுக்குத் திரை போடுகிறோம். வெளிச்சமும் போச்சு, வேடிக்கையும் போச்சு! திரையே வேண்டாம், கண்ணாடியே கறுத்து வெயிலைத் தடுக்கும் என்றால்? கதை அல்ல. அமெரிக்காவில் பல கட்டிடங்களில் மாட்டி இருக்கிறார்கள். உள்ளே சூடு குறைவதால் ஏ.சி. கரண்டும் மிச்சம்.

ஜன்னல் அல்ல, பேட்டரி!

பார்வைக்குத்தான் ஜன்னல். விஷயம் தெரிந்தவர்களுக்கு அது பேட்டரி! கண்ணாடி மேல் 5 பூச்சு. இரு ஓரத்துப் பூச்சுகளும் கரண்ட் கடத்துபவை. அவற்றுக்கு உள்ளே ஒரு பக்கம் டங்ஸ்டன் ஆக்சைடு, மறுபக்கம் நிக்கல் ஆக்சைடு. நட்ட நடுவில், லித்தியம் அயனி என்ற மின்துகள் போய்வர ஒரு படலம். ஐந்தையும் சேர்த்தாலும் தலைமுடி கனம் வராது. திரவம் ஒரு சொட்டு கிடையாது.

டங்ஸ்டன் நமக்குப் பழக்கமானதுதான். குண்டு பல்பில் எரியுமே, அந்தக் கம்பி! அதன் ஆக்சைடு மெல்லிய படலமாக இருக்கும்போது நிறம் தெரியாது. சில வோல்ட் கரண்ட் கொடுத்தால் லித்தியம் அதற்குள் புகுந்து, கருநீலம் ஆகிவிடும். கரண்டைத் திருப்பிக் கொடுத்தால் லித்தியம் வெளியேறி, பழையபடி தெளிவு. செல்போன் பேட்டரிக்குள்ளும் லித்தியம் இப்படித்தான் அங்கும் இங்கும் ஓடுகிறது. நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

நீலமான பிறகு சுவிட்சை அணைத்தாலும் உடனே வெளுத்துவிடாது. ஆனால் அவசரக்காரர்களுக்கு இது ஆகாது. பெரிய ஜன்னல் முழுதாகக் கறுப்பதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம்!

பணம்தான் தகராறு

இது புதுசு என்று நினைக்காதீர்கள். டெப் என்ற விஞ்ஞானி, அமெரிக்காவில் சயனமிட் கம்பெனியில் இருந்தபடி 1969-லேயே இதை எழுதிவிட்டார்.

பிறகு ஏன் ஊரெல்லாம் வரவில்லை? விலை! காற்றை உறிஞ்சிய அறைக்குள் பூச வேண்டும். நடுவில் ஒரு தூசி விழுந்தால் இரு பக்கமும் ஒட்டி 'ஷார்ட்' ஆகி, அந்த இடத்தில் புள்ளி விழுந்துவிடும். சாதாரணக் கண்ணாடிக்கு இந்தத் தொல்லை உண்டா?

கலிபோர்னியாவின் 'வியூ' கம்பெனி இந்தக் கண்ணாடியை நம்பி 2021-ல் பங்குச் சந்தைக்கு வந்தது. 2024 ஏப்ரலில் திவால் மனு போட்டது. மின்னசோட்டாவில் இதே கண்ணாடி செய்த 'சேஜ்' கம்பெனியை, 2012-ல் பிரான்சின் செயின்ட் கோபேன் முழுசாக வாங்கிக்கொண்டது. நம் ஸ்ரீபெரும்புதூரில் கண்ணாடித் தொழிற்சாலை வைத்திருக்கிறதே, அதே செயின்ட் கோபேன்தான்!