பாட்டுப் பிறந்த தெருக்கள்

திருத்தலங்களை நாடிப் பயணம் செல்வது நமக்குப் புதிதன்று. வேளாங்கண்ணிக்குக் கால்நடையாகவே செல்லும் குடும்பங்கள் நம் பங்குகளில் எத்தனையோ! ஆயின், தாம் விரும்பும் பாட்டுகள் பிறந்த ஊரையும், அவற்றைப் பாடியோர் வாழ்ந்த வீட்டையும் காண்பதற்கென்றே புறப்படுவோரும் உலகில் உளர். இதனை நமக்கு எடுத்துரைத்தவன், பன்னிரண்டாம் வகுப்பில் பயிலும் நம் மூத்த மகன்.

அவனுக்குக் கிட்டார் என்றால் உயிர். பங்கின் பாடகர் குழுவில் ஞாயிறுதோறும் வாசித்துவந்தான். வீட்டிலும் பொழுது புலர்ந்தால் அதே ஒலி. பொழுது சாய்ந்தாலும் அதே ஒலி. காலாண்டுத் தேர்வு நெருங்கவே நாம் பொறுமை இழந்தோம். "இந்த ஓசை இனி வீட்டிற்குள் கேட்கக் கூடாது, வாசித்துத்தான் ஆகவேண்டுமென்றால் மொட்டைமாடிக்குப் போ" என்று சற்றுக் கடுமையாகவே கூறிவிட்டோம். அவன் மறுமொழி கூறவில்லை, மொட்டைமாடிக்கும் செல்லவில்லை. கிட்டாரை உறையிலிட்டு அலமாரியின்மேல் வைத்தவன், பாடகர் குழுவிற்குப் போவதையும் நிறுத்திக்கொண்டான்.

வீட்டில் அமைதி நிலவியது. ஆனால் நாம் வேண்டிய அமைதி அதுவன்று. உணவருந்தும் வேளையிலும், கேட்டதற்கு விடை என்னும் அளவோடு அவன் பேச்சு நின்றுவிட்டது.

முகப்பில் ஒலித்த கிட்டார்

காலாண்டு விடுமுறை வந்தது. "உனக்கு எந்த ஊரைப் பார்க்க ஆசை?" என்று அவன் அன்னை ஒருநாள் இரவு வினவினார். "லிவர்ப்பூல்" என்றான் அவன். "அங்கே என்ன இருக்கிறது?" என்றோம் நாம். பல நாள்களுக்குப் பின் அன்றுதான் அவன் வாய் திறந்து பேசினான்.

இங்கிலாந்தின் துறைமுக நகரமாகிய லிவர்ப்பூலில் தோன்றி, 1960-களில் உலகையே தம் பாட்டால் ஈர்த்த நால்வர் குழுவே 'பீட்டில்ஸ்'. அவர்கள் பாட்டில் இடம்பெற்ற பென்னி லேன் என்பது அந்நகரின் ஒரு சாதாரணத் தெரு. ஸ்ட்ராபெரி ஃபீல்ட் என்பது இரட்சணிய சேனையினர் நடத்திய சிறுவர் இல்லம். இவற்றைக் காணவே உலகின் பல நாடுகளிலிருந்தும் மக்கள் வருகின்றனராம். குழுவினருள் இருவரான ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி ஆகியோர் சிறுவயதில் வாழ்ந்த வீடுகளை அந்நாட்டின் 'நேஷனல் டிரஸ்ட்' என்னும் அமைப்பு காத்துவருகிறது. அவ்விருவரும் முதன்முதலில் சந்தித்த இடம் எது தெரியுமா? ஊல்டன் என்னும் பகுதியிலுள்ள தூய பேதுரு ஆலய வளாகம்! அது ஆங்கிலிக்கன் சபையாரின் ஆலயம். 1957 ஜூலை 6 அன்று நடந்த ஆலய விழாவில் லெனனின் குழு பாடியது. அதனைக் கேட்க வந்தவர் மெக்கார்ட்னி. ஒருவருக்கு வயது 16, மற்றவருக்கு 15.

"லெனனை வளர்த்தவர் அவருடைய பெரியம்மா. கிட்டார் ஒலி பொறுக்காமல், வீட்டின் முகப்பில் போய் வாசி என்று அனுப்பிவிடுவாராம். இன்று அந்த முகப்பையும் போய்ப் பார்க்கிறார்கள், அப்பா" என்று முடித்தான்.

இதனைக் கூறுகையில் அவன் நம் முகத்தை நோக்கவில்லை. ஆயினும் அச்சொல் நம் உள்ளத்தில் வந்து தைத்தது. மொட்டைமாடிக்குப் போ என்றவர் நாமன்றோ?

"லிவர்ப்பூல் நமக்கு எட்டாது. ஆனால் 40 கிலோமீட்டரில் புதுச்சேரி இருக்கிறதே! அங்கும் பாட்டுக்காரர் வீடுகள் உண்டு. நாம் இருவரும் போய் வருவோமா?" என்றோம். பெரும் விருப்பம் காட்டாவிடினும் மறுக்காமல் இசைந்தான். சனிக்கிழமை காலை விழுப்புரத்தில் பேருந்து ஏறினோம்.

வாடகை கேட்க வந்தவர்

புதுச்சேரி ஈசுவரன் தருமராசா கோயில் தெருவில் மகாகவி பாரதியாரின் நினைவில்லம் அமைந்துள்ளது. உருவப்படங்கள், நூல்கள், கையெழுத்துப் படிகள் ஆகியன அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. வெளியே வாகன இரைச்சல். உள்ளே பழைய தமிழ் இல்லங்களுக்கே உரிய குளிர்ச்சி.

ஆங்கில அரசின் அடக்குமுறைக்கு அகப்படாமல் 1908-இல் பாரதியார் இப்பிரெஞ்சு நகருக்கு வந்தார். அவ்வாண்டு அக்டோபர் முதல் 'இந்தியா' இதழ் இங்கிருந்து வெளிவந்தது. ஆங்கில ஆட்சிப் பகுதிக்குள் அதனைக் கொண்டுசெல்லத் தடை விதிக்கப்பட, 1910-இல் இதழும் நின்றது. பத்தாண்டுகள் இங்கே வாழ்ந்து, 1918 நவம்பரில் எல்லையைக் கடந்த உடனேயே அவர் கடலூரருகே கைது செய்யப்பட்டார். வறுமையும், ஒற்றர்களின் தொல்லையும் சூழ்ந்த இந்தப் பத்தாண்டுகளில்தான் கண்ணன் பாட்டும், குயில் பாட்டும், பாஞ்சாலி சபதமும் பிறந்தன.

நம் மகன் ஓர் ஏட்டின் முன் நெடுநேரம் நின்றான். "அப்பா, பாட்டின் தலைப்பிலேயே ராகமும் தாளமும் குறித்திருக்கிறதே!" என்று வியந்தான். பள்ளிப் பாடநூலில் மனனச் செய்யுளாகவே பாரதியாரை அறிந்தவன் அவன். அவை பாடுவதற்கென்றே கட்டப்பட்டவை என்பது அன்றுதான் அவனுக்குப் புலனாயிற்று. 'சங்கீத விஷயம்' என்னும் கட்டுரையில், பொருள் உணராமல் பழைய உருப்படிகளையே திரும்பத் திரும்பப் பாடும் வழக்கத்தைப் பாரதியார் கண்டித்திருப்பதையும், புதிய பாட்டுகள் தமிழில் எழ வேண்டுமென அவர் விரும்பியதையும் அவனுக்கு எடுத்துரைத்தோம். "இதையேதான் நாங்களும் சொல்கிறோம்!" என்று அவன் சிரித்தான். அவன் சிரிப்பைக் கண்டு எத்தனை நாள்கள் ஆயின!

இத்தெருவைப் பற்றிய நிகழ்ச்சியொன்று நம் நினைவிற்கு வந்தது. பாரதியார் குடியிருந்த வீட்டின் உரிமையாளரை 'விளக்கெண்ணெய்ச் செட்டியார்' என அழைப்பராம். வாடகை கேட்கவென்று அவர் வருவார். உள்ளே பாரதியார் பாடிக்கொண்டிருப்பார். செட்டியார் ஓசையின்றி இருந்து பாட்டைக் கேட்பார். வாடகையைப் பற்றி ஒரு சொல்லும் கூறாமல் திரும்பிவிடுவார். பாரதியாருடன் நெருங்கிப் பழகியவர்கள் இதனைப் போற்றி எழுதியுள்ளனர்.

இதனை மகனிடம் கூறிக்கொண்டிருக்கையிலேயே நம் நா தயங்கிற்று. தமக்கு வரவேண்டிய பணத்தைக் கேட்க வந்தவர், பாட்டைக் கேட்டுத் திரும்பினார். நாமோ, பெற்ற பிள்ளையிடம் மதிப்பெண் கணக்கை மட்டுமே கேட்டுவந்தோம். அவன் வாசித்த பாட்டுகளுள் ஒன்றையேனும் முழுமையாக அமர்ந்து கேட்டதுண்டா? எண்ணிப் பார்த்தோம், ஒன்றும் நினைவில் இல்லை.

தோப்பும் புயலும்

பிற்பகலில் முத்தியாலுப்பேட்டைப் பக்கம் சென்றோம். அங்கிருந்த கிருஷ்ணசாமிச் செட்டியாரின் மாந்தோப்பே குயில் பாட்டிற்குக் களமாயிற்று. அருகே கருவடிக்குப்பத்தில் உள்ள சித்தானந்த சுவாமி கோயிலையும் பாரதியார் பாடியுள்ளார். அவர் நாளில் ஊருக்கு வெளியே இருந்த இப்பகுதி, இன்று வீடுகள் நெருங்கிய நகரமாகிவிட்டது. குயிலின் குரல் கேட்குமோ என்று சற்று நின்றோம்; பேருந்தின் ஒலியே கேட்டது!

குயில் பாட்டில் ஒரு செய்தி உண்டு. எந்தெந்த இசை தன் நெஞ்சை உருக்கியது எனக் குயில் கூறுமிடத்தில், ஏற்றம் இறைப்போர் பாட்டும், நெல் குத்தும் மகளிரின் பாட்டும், வயலில் உழைப்போர் பாட்டும் வரிசையாக வருகின்றன. அரங்கில் ஒலிக்கும் இசை மட்டுமே இசை என்று பாரதியார் கருதவில்லை. தெருவில் போகும் பாம்புப் பிடாரனின் குழலோசையையும் நின்று கேட்டு, அதனைத் தம் வசன கவிதையில் வியந்து எழுதியவர் அவர். "பெரிய சங்கீதம், சின்ன சங்கீதம் என்று அவர் பிரிக்கவில்லை, இல்லையா அப்பா?" என்றான் மகன். நாம் ஆம் எனத் தலையசைத்தோம்.

1916 நவம்பரில் இவ்வூரைப் பெரும்புயல் தாக்கியது. அவ்விரவில் வீட்டினுள் கணவனும் மனைவியும் பேசிக்கொள்வதாக ஒரு பாட்டு; புயலுக்குத் தப்பிய தென்னந்தோப்பைக் கண்டு மற்றொரு பாட்டு. வீட்டிற்குள் நுழைந்த அச்சத்தையும் பாட்டாக்கத் தெரிந்தவர்க்கு, வீடே இசைக்கூடம் அன்றோ!

மணவீட்டில் ஒரு பாடகர்

ஈசுவரன் கோயில் தெருப் பகுதியிலிருந்து நடந்தே செல்லத்தக்க தொலைவில் பெருமாள் கோயில் தெரு உள்ளது. அங்கே 95-ஆம் எண் வீடு, பாவேந்தர் பாரதிதாசன் வாழ்ந்த இல்லம். அதுவும் இன்று நினைவில்லமாக விளங்குகிறது.

1891 ஏப்ரல் 29 அன்று புதுச்சேரியில் பிறந்த கனகசுப்புரத்தினம், இளம்பருவத்தில் நண்பர் வேணு நாயக்கரின் திருமண வீட்டில் பாரதியாரின் பாட்டுகளைப் பாடினார். அவையில் அமர்ந்திருந்த விருந்தினருள் பாரதியாரும் ஒருவர் என்பதை அவர் அறியார்! உணர்ந்து பாடிய அவ்விளைஞரைப் பாரதியார் தம் இல்லத்திற்கு வரவழைத்தார். பின்னர் அவரைப் பாட்டெழுதத் தூண்டி, தம் கவிதைக் குழாத்தைச் சேர்ந்தவர் எனக் குறிப்பெழுதி, அப்பாட்டைச் 'சுதேசமித்திரன்' இதழுக்கு அனுப்பிவைத்தார். சுப்புரத்தினம் 'பாரதிதாசன்' ஆனார். பிற்காலத்தில் தாம் நடத்திய இதழுக்குக் 'குயில்' எனப் பெயரிட்டார். புதுச்சேரி அரசின் விழாக்களில் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஒலிப்பது அவர் இயற்றிய பாட்டே.

"லிவர்ப்பூலில் ஆலய விழா, இங்கே கல்யாண வீடு" என்றான் மகன். உண்மைதான். ஓரிடத்தில் ஒருவர் பாடினார், மற்றொருவர் செவிசாய்த்தார். இரு இடங்களிலும் அதுவே தொடக்கம். அன்று அந்த இளைஞரை, "கல்யாண வீட்டில் என்ன கூச்சல்?" என்று எவரேனும் அடக்கியிருந்தால்?

கடற்கரையில் ஒரு தாலாட்டு

மறுநாள் ஞாயிறு. 1907-இல் கட்டப்பெற்று, 2011-இல் பசிலிக்காவாக உயர்த்தப்பெற்ற திரு இருதய ஆலயத்தில் திருப்பலி கண்டோம். வண்ணக் கண்ணாடிச் சாளரங்களின் வழியே காலை ஒளி பரவியது. பாடகர் குழு பாடுகையில் மகனின் விரல்கள் அவன் முழங்கால்மேல் தாமாகவே அசைந்ததைக் கண்டோம். காணாதது போல் இருந்துவிட்டோம். வெளியே வந்தபின், இயேசு கிறிஸ்துவைப் பற்றிப் பாரதியார் பாடியிருப்பதைக் கூறினோம். சிலுவையில் மாண்டு உயிர்த்த ஆண்டவரை மகதலா மரியா கண்டதை மூன்றே செய்யுள்களில் பாடி, அதன் உட்பொருளையும் அங்கே அவர் உரைக்கிறார். "இதற்கு யாராவது மெட்டுப் போட்டிருக்கிறார்களா?" என்று கேட்டான். "நீ போட்டுப் பாரேன்" என்றோம்.

பேருந்துக்கு நேரம் இருந்தமையால் கடற்கரைச் சாலைக்குச் சென்று அமர்ந்தோம். இப்பொழுது கற்பிக்கும் முறை அவனுடையது. புதுச்சேரியிலும் படமாக்கப்பட்ட 'லைஃப் ஆஃப் பை' என்னும் ஆங்கிலப் படம் 2012-இல் வெளிவந்ததையும், அதன் தொடக்கத்தில் ஒலிக்கும் தமிழ்த் தாலாட்டைப் பம்பாய் ஜெயஸ்ரீ எழுதிப் பாடியதையும், 2013-இல் அப்பாட்டு ஆஸ்கர் விருதிற்கான பரிந்துரைப் பட்டியலில் இடம்பெற்றதையும் கூறினான். பின்னர்த் தன் இயர்போனின் ஒரு முனையை நம் செவியிலும், மறுமுனையைத் தன் செவியிலுமாகப் பொருத்தி அப்பாட்டை ஒலிக்கச் செய்தான். அது முடிந்ததும், "இதையும் கேளுங்கள் அப்பா" என்று, தான் விரும்பும் குழுக்களின் பாட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டான்.

அனைத்தும் நமக்குப் பிடித்தன என்றால் அது பொய்யாகும். சில நம் செவிக்கு இன்னும் இரைச்சலே. ஆயின் இரண்டு பாட்டுகளை மறுமுறையும் போடச் சொல்லிக் கேட்டோம். எந்த இடத்தில் கிட்டார் தனித்து ஒலிக்கிறது, எந்த இடத்தில் குரலுக்கு வழிவிட்டு ஒதுங்குகிறது என்பதை அவன் சுட்டிக்காட்டிய விதத்தில் ஓர் ஆசிரியரின் பொறுமை இருந்தது. ஒன்றரை மணி நேரம் கடந்ததை நாம் அறியவில்லை. நாம் கேட்க வேண்டிய ஒன்றும் இருந்தது. "அன்று மொட்டைமாடிக்குப் போ என்றது தவறுதான், தம்பி" என்றோம். அவன் கடலைப் பார்த்தவாறே, "பரவாயில்லை அப்பா, தேர்வு நேரத்தில் நானும் அளவு மீறித்தான் வாசித்தேன்" என்றான்.

வீடு திரும்பியதும் அலமாரியின்மேல் இருந்த கிட்டாரை நாமே இறக்கித் தூசி துடைத்துக் கொடுத்தோம். மாலைச் செபம் முடிந்தபின் அரைமணி நேரம் கூடத்தில் அவன் வாசிப்பது. குடும்பத்தார் அனைவரும் அமர்ந்து கேட்பது. அதன்பின் பாடநூல் என ஓர் ஒழுங்கு ஏற்பட்டுள்ளது. அடுத்த ஞாயிறே பாடகர் குழுவிற்கும் சென்றான். பாரதியாரின் இயேசு பாட்டிற்கு இன்னும் மெட்டு அமையவில்லை, நாள்தோறும் முயன்றுவருகிறான்.

அன்புப் பெற்றோரே! பிள்ளைகளின் பாட்டு நமக்குப் பிடிக்க வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. ஆனால் அதனைச் சிறிது நேரம் அமர்ந்து கேட்பதற்குப் பொன்னும் பொருளும் வேண்டியதில்லை. அடுத்த விடுமுறையில் புதுச்சேரிக்குச் சென்றால், ஈசுவரன் தருமராசா கோயில் தெருவிற்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். வாடகையை மறந்து வாயிலில் நின்று பாட்டுக் கேட்ட அந்தச் செட்டியாரைப் பற்றியும் அவர்கட்கு மறவாமல் கூறுங்கள்.