எஞ்சினைக் கழற்றி மோட்டார் பூட்டுமுன்

மண்ணெண்ணெய் எஞ்சினைக் கழற்றிவிட்டு மின்மோட்டார் பூட்டவே நம்மில் பலருக்கும் விருப்பம். பெற்றோலில் தொடக்கி மண்ணெண்ணெய்க்கு மாற்றும் பாடில்லை, புகையில்லை. ஆனால் எண்ணெய் தீர்ந்தால் எஞ்சின் தானே நிற்கும். மோட்டாரோ ஆளில்லாமலும் இறைத்துக்கொண்டே இருக்கும்.

கல்லடி, கடலுக்கும் வாவிக்கும் இடையிலுள்ள மணல்திட்டு. மண்ணில் ஊறிய மழைநீரே இங்கு நன்னீர். அது அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதக்கிறது. நன்னீர் மட்டம் 1 அடி தாழ்ந்தே கிடந்தால், கீழேயுள்ள உவர் 40 அடிவரை மேலேறக்கூடும். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கிணறுகளை இறைக்க இறைக்க உவர் போய்விடவில்லை. அதைக் கழுவியது மாரிமழைதான்.

ஆகவே சிறிய மோட்டாரே நமக்குப் போதும். (கடைக்காரர் பெரியதைத்தான் காட்டுவார்.) உறிஞ்சுகுழாயைக் கிணற்றின் அடிவரை இறக்காமல், காலையில் கொஞ்சம் மாலையில் கொஞ்சம் இறைப்போம். நீர் தாழ்ந்ததும் மோட்டாரை நிறுத்தும் மிதவைச் சுவிட்ச் ஒன்றையும் கேட்டு வாங்குவோம்.