மலைச் சிறுவனும் மரகதப்புறாவும்

சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டங்களில், நிழல் மரங்களுக்கு இடையே தரையை ஒட்டி விரைந்து பறக்கும் வழக்கமுள்ள மரகதப்புறா, விடுதி ஜன்னலின் கண்ணாடியில் பிரதிபலிக்கும் கிளையை மெய்யான கிளையென்று நம்பி மோதி விழுவதாகவும், பள்ளிவிட்டு வரும் மலைக்கிராமத்துச் சிறுவன் ஒருவன் அதைச் சட்டைக்குள் பொதிந்து வீட்டுக்குக் கொண்டுவருவதாகவும் வைத்துக்கொள்வோம். தாய் கூடை தேடுவாள். பாட்டி பாலும் சோறும் எடுத்து வருவாள். தந்தையோ, "ஃபாரஸ்ட்காரங்க பாத்தா கேஸ் போட்டுருவாங்க, ராவோட ராவா தோட்டத்துல விட்டுட்டு வா" என்பார். மூவரில் தவறு செய்பவர் யார் என்று கேட்டால், மூவருமே என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நமது அரசியல் சாசனத்தில் 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 51-ஏ பிரிவு, உயிர்களிடத்துக் கருணை கொள்வதைப் பிரஜையின் கடமையாகவே விதித்திருக்கிறது. ஆனால் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்தக் கருணைக்கு ஒரு காலவரையறை வகுத்திருக்கிறது. சட்டத்துக்கு மாறாகப் பிடிக்கப்பட்ட அல்லது அடைத்து வளர்க்கப்பட்ட காட்டுப்பிராணி சர்க்காரின் சொத்து என்றும், அத்தகைய சொத்து எவ்வழியில் கைக்கு வந்தாலும் 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள போலீஸ் நிலையத்திலோ அதிகாரம் பெற்ற அலுவலரிடமோ தெரிவித்து, கேட்டால் ஒப்படைக்க வேண்டும் என்றும் அதன் 39-ஆம் பிரிவு கூறுகிறது. மீறினால் மூன்றாண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ நேரலாம். முதல் அட்டவணையிலுள்ள உயிரினங்களைப் பற்றிய குற்றங்களுக்குத் தண்டனை இன்னும் கடுமையானது. ஏழு வயது நிரம்பாத குழந்தையின் செயல் சட்டத்தின் கண்ணில் குற்றமே ஆகாது. நாள் கடத்துவதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் வீட்டுப் பெரியவர்களே.

உத்தரப் பிரதேசத்து அமேதிப் பகுதியில், கால் முறிந்த சாரஸ் கொக்கு ஒன்றைக் காப்பாற்றிய விவசாயியை அது விட்டுப் பிரியாமல் கூடவே பறந்து திரிந்ததையும், 2023 மார்ச்சில் வனத்துறை அதைக் கொண்டுபோய்ப் பின்னர் கான்பூர் மிருகக்காட்சிசாலையில் வைத்ததையும், அவர்மீதே வழக்குப் பதிந்ததையும் தேசமே பார்த்தது. அந்த வழக்கின் நியாயத்தில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆயினும் முதல் நாளிலேயே தகவல் எழுத்தில் போய்ச் சேரும் வழக்கம் நம்மிடையே இருந்தால், இத்தகைய சங்கடங்களில் பல தோன்றவே மாட்டா.

இனி, அந்த முதல் சில மணி நேரத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் அன்பினாலேயே சாகும் பறவைகள் அநேகம். அலகைத் திறந்து தண்ணீர் புகட்டினால், நாக்கின் அடியிலேயே மூச்சுக்குழலின் வாய் இருப்பதால், நீர் நுரையீரலுக்குப் போய்விடும்; பாலோ பறவைக்குச் செரிக்காது; மடியில் வைத்துத் தடவுகிற சிறுவனின் விரல்கள் அதற்குப் பருந்தின் பிடியாகவே தோன்றும். துணியால் மெல்ல மூடி எடுத்து, காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில், பூனையும் இரைச்சலும் அணுகாத இருட்டில் வைப்பதுதான் அதற்கான சிறந்த சிசுருஷை. கண்ணாடியில் மோதி மயங்கிய பறவை பல சமயம் ஓரிரு மணி நேரத்தில் தெளிந்துவிடும். அப்போது வெளியே கொண்டுபோய்ப் பெட்டியைத் திறந்தால் தானே பறந்துபோகும், மனுவும் இல்லை, வழக்கும் இல்லை. (இறகு முளைத்துத் தத்தித் திரியும் குஞ்சை மட்டும் எடுக்கவே வேண்டாம், தாய் அருகில்தான் இருக்கும். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் கட்டுக்கதை.) தொட்டபின் சோப்பிட்டுக் கை கழுவ வேண்டும், ஓரிடத்தில் பல பறவைகள் செத்துக் கிடந்தால் தொடாமல் கால்நடைத் துறைக்குச் சொல்ல வேண்டும்.

சிறகு முறிந்ததோ ரத்தம் கசிவதோ தெரிந்தால், வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் சொல்லி, அவர்கள் வழிகாட்டும் கால்நடை மருத்துவரிடம் பெட்டியோடு சேர்ப்பியுங்கள்; கண்டெடுத்த இடத்தையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, ஒப்படைத்ததற்கு அத்தாட்சி கேட்டு வாங்குங்கள். அதில் அந்தச் சிறுவனின் பெயரும் இருக்கட்டும்.