வீட்டுத் தோட்டத்தில் கோரை: ஒழிக்கும் வழிகள்

நாட்டின் எல்லா மாநிலங்களிலும் வீட்டுத் தோட்டம் போடுவோர் ஒரு களையைப் பற்றி ஒரே விதமாகக் குறை கூறுவதைக் கேட்கலாம். காலையில் பிடுங்கிய பாத்தியில் சில நாட்களுக்குள் மீண்டும் பச்சை ஊசிகள் தலைகாட்டுகின்றன. தமிழில் கோரை என்றும், இந்தியில் மோத்தா என்றும் வழங்கும் இக்களையை உலகின் மிகக் கொடிய களை என 1977-இல் வெளிவந்த ஹோம் முதலிய அறிஞர்களின் நூல் முதலிடத்தில் வைத்தது. 2018-இல் தொடங்கப்பெற்ற போஷண் அபியான் திட்டத்தின் கீழ் அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் ஊட்டச்சத்துத் தோட்டங்கள் ஊக்குவிக்கப்பட்டு வருவதால், இக்களையைப் பற்றிய தெளிவு இன்று மேலும் அவசியமாகிறது. கீரையும் காயும் விளைய வேண்டிய சிறு நிலத்தைக் கோரை கவர்ந்துகொண்டால், உழைப்பு வீணாவதுடன் தோட்டத்தின் மீதே ஆர்வம் குன்றிவிடும்.

பலம் மண்ணுக்குள்ளே

கோரையின் விதைகள் பெரும்பாலும் முளைப்பதில்லை. அது பரவுவது கிழங்குகளாலேயே. தாய்ச் செடியின் அடியிலிருந்து மெல்லிய தண்டுகள் மண்ணுக்குள் ஓடி, வழி நெடுகக் கிழங்குகளை உருவாக்குகின்றன. ஜெபமாலையின் மணிகளைப் போல இவை ஒரே சங்கிலியில் கோக்கப்பட்டிருக்கும். பெரும்பாலான கிழங்குகள் மேல்மண்ணின் 15 சென்டிமீட்டர் ஆழத்திற்குள் இருக்கும்.

இச்சங்கிலியின் நுனியிலுள்ள கிழங்கு முளைக்கும்போது, பின்னாலுள்ளவை உறங்கிக் கிடக்கும். சங்கிலி அறுந்தால் ஒவ்வொரு துண்டும் தனித்து விழித்தெழும். எனவே, ஈரமான மண்ணை ஒரு முறை கொத்திவிட்டு நிறுத்துவது களையை ஒழிப்பதன்று. அதனைப் பெருக்குவதே ஆகும். கையால் இழுத்தாலோ இலை மட்டும் பிரிந்து வர, கிழங்கு மண்ணிலேயே தங்கிவிடுகிறது.

பசியும் நிழலும்

ஒவ்வொரு முளையும் கிழங்கில் சேமித்த உணவைச் செலவிட்டே மேலெழுகிறது. இலைகள் வளர்ந்து புதிய உணவைத் தயாரிக்கும் முன்பே அவற்றை நீக்கினால், கிழங்கு தன் சேமிப்பை இழந்து நலிவடையும். எனவே, இரண்டு அல்லது மூன்று வாரங்களுக்கு ஒரு முறை, இடைவிடாது, பல மாதங்கள் களைக்கொத்தால் கொத்தி நீக்க வேண்டும். நடுவில் ஒரு மாதம் விட்டாலும் புதிய கிழங்குகள் உருவாகி முந்தைய உழைப்பு பயனற்றுப் போகும்.

கோரை நிழலைத் தாங்காது. இதுவே அதன் பெருங்குறை. தட்டைப்பயறு, சணப்பை, சர்க்கரைவள்ளி போன்று நிலத்தை விரைவில் மூடும் பயிர்களை அடர்த்தியாக வளர்த்தால் அதன் வளர்ச்சி குன்றும். வைக்கோல் மூடாக்கு சிறு களைகளைத் தடுக்குமே தவிர, கூரிய நுனி கொண்ட கோரை மெல்லிய பிளாஸ்டிக் தாளையும் துளைத்து வெளிவரும்.

கோடையும் ஒரு துணை

கோடையில் பாத்தி வெறுமையாக இருக்கும்போது, நீர்ப்பாய்ச்சலை நிறுத்தி மண்ணைப் புரட்டிக் கிழங்குகளைக் கடும் வெயிலில் காயவிடலாம். உலர்ந்த கிழங்குகள் மடியும். புரட்டியவற்றைப் பொறுக்கியெடுத்தல் மேலும் நல்லது. அவ்வாறு எடுத்தவற்றைக் காயாமல் எருக்குழியில் இடக்கூடாது. இட்டால் அடுத்த ஆண்டு எருவுடன் தோட்டத்திற்கே திரும்பி வந்துவிடும். வெளியிலிருந்து வாங்கும் மண், எரு, நாற்றுத் தொட்டி ஆகியவற்றையும் முன்கூட்டியே சோதித்தல் வேண்டும்.

களைக்கொல்லி தேவையா?

கிளைபோசேட் இலைகளிலிருந்து கிழங்கு வரை செல்லக்கூடியது. எனினும், முளைக்காமல் உறங்கும் கிழங்குகள் அதற்குத் தப்பிவிடும். அருகிலுள்ள காய்கறிச் செடிகளில் பட்டால் அவையும் சேதமுறும். மேலும், பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர் வழியாக மட்டுமே அதனைப் பயன்படுத்த வேண்டும் என மத்திய அரசு 2022 அக்டோபரில் ஆணையிட்டது. சிறு வீட்டுத் தோட்டத்திற்குக் களைக்கொத்தும் நிழலும் வெயிலுமே உகந்தவை.

நாட்டு மருத்துவத்தில் முத்தக்காசு என மதிக்கப்படுவதும் இக்கோரையின் கிழங்கே. எனினும், பாத்தியில் அதற்கு இடமில்லை. தோட்டப் பயிற்சி அளிக்கும் அலுவலர்கள் விதைகளை வழங்குவதோடு நில்லாமல், நடவிற்கு முன் மண்ணைத் தோண்டிக் கிழங்குச் சங்கிலியை மாணவர்களுக்குக் காட்டுதல் நலம். எதிரி எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை அறிந்தவர், இலையைக் கிள்ளுவதுடன் பணி முடிந்ததென்று எண்ணமாட்டார்.