டீசல் வண்டியா, பெட்ரோல் வண்டியா?

சிறிய சரக்கு வண்டி வாங்குவது ஒரு குடும்பத்துக்குப் பெரிய காரியம். பல லட்சம் ரூபாய் ஆகும். கையில் இருக்கும் பணம் போதாது. நகையை அடகு வைக்க வேண்டும். வங்கியில் கடன் வாங்க வேண்டும். ஐந்து வருடம் மாதா மாதம் தவணை கட்ட வேண்டும். தவணை தொடர்ந்து தவறினால் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். வண்டியும் போகும், கட்டிய பணமும் போகும்.

ஆகவே வாங்கும் முன்பு நன்றாக யோசிக்க வேண்டும். முதலில் வரும் கேள்வி இது: டீசல் வண்டி வாங்குவதா, பெட்ரோல் வண்டி வாங்குவதா?

"டீசல்தான் சிக்கனம்" என்று பலர் சொல்வார்கள். அது சிலருக்கு உண்மை. எல்லோருக்கும் உண்மை இல்லை. நமக்கு எது சரி என்று நம் கணக்குதான் சொல்லும்.

பழைய பேச்சும் புதிய விலையும்

டீசல் சிக்கனம் என்ற பேச்சு எப்படி வந்தது? முன்பு டீசல் விலையை அரசு குறைத்து வைத்திருந்தது. விவசாயத்துக்கும் லாரிக்கும் பேருந்துக்கும் டீசல் தேவை என்பதே காரணம். 2012 மே மாதத்தில் டெல்லியில் பெட்ரோல் லிட்டர் 73 ரூபாயைத் தாண்டியது. அப்போது டீசல் 41 ரூபாய்தான். 32 ரூபாய் வித்தியாசம்! அந்த நாளில் டீசல் வண்டி வைத்திருந்தவர் மிச்சம் பிடித்தார்.

2014 அக்டோபரில் டீசல் விலையின் மீது இருந்த அரசின் கட்டுப்பாடு நீங்கியது. பெட்ரோலுக்கு 2010இலேயே நீங்கிவிட்டது. அதன் பிறகு இரண்டு விலைகளும் நெருங்கி வந்தன. 2020 ஜூன் மாதத்தில் டெல்லியில் பெட்ரோலை விட டீசல் விலை அதிகமாகக்கூட ஆனது. விலை மாறிவிட்டது. பேச்சு மட்டும் மாறவில்லை.

இரண்டு எஞ்சின்கள்

இரண்டு எஞ்சினும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. எரிபொருளை எரித்து சக்கரத்தைச் சுழற்றுகின்றன. எரிக்கும் முறைதான் வேறு.

பெட்ரோல் எஞ்சினில் பெட்ரோலும் காற்றும் கலந்து அழுத்தப்படும். ஸ்பார்க் பிளக் ஒரு தீப்பொறி கொடுக்கும். கலவை எரியும்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. வெறும் காற்றை மிகவும் இறுக்கி அழுத்துவார்கள். சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடும் அல்லவா? காற்றை அழுத்தினால் அது சூடாகும். டீசல் எஞ்சினில் காற்று பதினாறு, பதினெட்டு மடங்கு சுருங்கும். அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானாகவே தீப்பிடிக்கும்.

இவ்வளவு அழுத்தத்தைத் தாங்க எஞ்சின் கனமாக இருக்க வேண்டும். உறுதியாக இருக்க வேண்டும். அதனால் டீசல் வண்டியின் விலை அதிகம். பழுது பார்க்கும் செலவும் பெரும்பாலும் அதிகம்.

ஆனால் டீசலுக்கு இரண்டு நன்மைகள் உண்டு. ஒன்று, ஒரு லிட்டரில் அதிக தூரம் ஓடும். இரண்டு, மெதுவாகப் போகும்போதும் நல்ல இழுவை கிடைக்கும். பாரம் ஏற்றி மேட்டில் ஏறும்போது இது தெரியும்.

இரண்டு குடும்பங்கள்

கர்நாடகத்தில் கோலார் மாவட்டம் இருக்கிறது. தக்காளிக்குப் பெயர் பெற்ற மாவட்டம். கோலார் தங்கவயலும் அங்குதான் உள்ளது. அங்கே தமிழ் பேசும் மக்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்த மாவட்டத்தில் இரண்டு குடும்பங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டும் வண்டி வாங்க நினைக்கின்றன.

முதல் குடும்பம் தங்கவயலில் தண்ணீர் கேன் வியாபாரம் செய்கிறது. ஒரு கேன் 20 லிட்டர். ஒரு நடைக்கு 30 கேன். பாரம் 600 கிலோ. ஊருக்குள்ளேயே சுற்றுவதால் ஒரு நாளைக்கு 25 கிலோமீட்டர்தான் ஓட்டம்.

இரண்டாவது குடும்பம் கோலார் பக்கம் விவசாயக் குடும்பம். தன் தக்காளியையும் பக்கத்துத் தோட்டத்துத் தக்காளியையும் பெங்களூருச் சந்தைக்கு ஏற்றிச் செல்கிறது. ஒரு பெட்டி 15 கிலோ. 45 பெட்டி என்றால் 675 கிலோ. போக வர 140 கிலோமீட்டர்.

இரண்டு குடும்பங்களுக்கும் பாரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஓடும் தூரம்தான் வேறு.

கணக்கைப் போடுவோம்

கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்.

பெட்ரோல் லிட்டர் 102 ரூபாய். வண்டி 17 கிலோமீட்டர் கொடுக்கும்.
102 ÷ 17 = 6. ஒரு கிலோமீட்டருக்கு 6 ரூபாய்.

டீசல் லிட்டர் 90 ரூபாய். வண்டி 20 கிலோமீட்டர் கொடுக்கும்.
90 ÷ 20 = 4.50. ஒரு கிலோமீட்டருக்கு நாலரை ரூபாய்.

டீசலில் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய் மிச்சம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் டீசல் வண்டியின் விலை ஒரு லட்சம் ரூபாய் அதிகம் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு லட்சமும் கடன். வட்டி வருடத்துக்கு 12 சதவீதம். ஐந்து வருடத் தவணை. அப்படியானால் அந்த ஒரு லட்சத்துக்காக மட்டும் மாதம் 2,224 ரூபாய் கட்ட வேண்டும். 60 மாதத்தில் 1,33,440 ரூபாய் ஆகும்.

ஆகவே ஐந்து வருடத்தில் டீசல் வண்டி 1,33,440 ரூபாய்க்கு மேல் மிச்சம் பிடித்துத் தர வேண்டும். அப்போதுதான் லாபம்.

தங்கவயல் வீட்டுக்காரர் டீசல் வண்டி வாங்க ஆசைப்படுகிறார். அவர் மனைவி நோட்டை எடுத்துக் கணக்குப் போடுகிறார்.

"ஏங்க, வருஷத்துக்கு எத்தனை நாள் வண்டி ஓடும்?"

"300 நாள் ஓடும்."

"நாளைக்கு 25 கிலோமீட்டர். 25ஐ 300ஆல் பெருக்கினா 7,500. கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய் மிச்சம்னா வருஷத்துக்கு 11,250 ரூபாய். அஞ்சு வருஷத்துக்கு 56,250."

"நல்ல பணம்தானே?"

"அதுக்காக நாம கட்டப் போறது 1,33,440 ஆச்சேங்க. 77,190 ரூபாய் நமக்கு நட்டம்."

இந்தக் குடும்பத்துக்குப் பெட்ரோல் வண்டிதான் சரி.

தக்காளி ஏற்றும் குடும்பத்தின் கணக்கைப் பார்ப்போம்.
140 × 300 = 42,000 கிலோமீட்டர்.
42,000 × 1.50 = 63,000 ரூபாய்.
ஐந்து வருடத்துக்கு 3,15,000 ரூபாய் மிச்சம்.
கூடுதல் தவணை 1,33,440 போனாலும் 1,81,560 ரூபாய் கையில் நிற்கும். இவர்களுக்கு டீசல் சரி.

ஆனால் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வண்டி தக்காளிப் பருவத்தில் மட்டும் ஓடினால்? வருடத்தில் 100 நாள்தான் ஓட்டம் என்றால் 14,000 கிலோமீட்டர்தான் ஆகும். ஐந்து வருடத்தில் மிச்சம் 1,05,000 ரூபாய். அது கூடுதல் தவணைக்கே போதாது. அப்போது இவர்களுக்கும் டீசல் நட்டமே. ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் என்று மட்டும் பார்த்தால் போதாது. வருடத்தில் எத்தனை நாள் என்றும் பார்க்க வேண்டும்.

எல்லைக்கோடு எங்கே?

இந்தக் கணக்கின்படி, வருடத்துக்கு 300 நாள் ஓடும் வண்டிக்கு எல்லைக்கோடு நாளுக்கு சுமார் 60 கிலோமீட்டர். அதற்கு மேல் ஓடினால் டீசல். குறைந்தால் பெட்ரோல். பழுதுச் செலவையும் சேர்த்தால் இந்தக் கோடு இன்னும் மேலே போகும்.

விலை மாறினால் கோடும் மாறும். டீசல் 98 ரூபாய் ஆனால் மிச்சம் கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 10 காசாகக் குறையும். அப்போது நாளுக்கு 81 கிலோமீட்டர் ஓடினால்தான் கட்டும். ஆகவே உங்கள் ஊர் விலையைப் போட்டுத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

புகை வடிகட்டி

2020 ஏப்ரல் முதல் புதிய வண்டிகளுக்கு பி.எஸ். 6 என்ற விதி வந்தது. வண்டிப் புகை மாசைக் குறைப்பதற்கான விதி இது. இதனால் டீசல் வண்டியின் புகைக் குழாயில் ஒரு வடிகட்டி வைக்கிறார்கள். அது கரியைப் பிடித்து வைக்கும். வண்டி நன்றாகச் சூடேறி ஓடும்போது அந்தக் கரி எரிந்துவிடும்.

ஊருக்குள் ஐந்து நிமிடம் ஓட்டி, நிறுத்தி, மறுபடி ஓட்டினால் வடிகட்டி போதிய சூடு ஏறாது. கரி அடைத்துக்கொள்ளும். டிரைவருக்கு முன்னால் எச்சரிக்கை விளக்கு எரியும். அதைக் கவனிக்காமல் விட்டால் எஞ்சினின் வேகம் குறையும். வடிகட்டியை மாற்ற நேர்ந்தால் பெரிய செலவு. தண்ணீர் கேன் வண்டி போலத் தெருத் தெருவாக நின்று போகும் வண்டிக்கு டீசல் ஒத்துவராததற்கு இதுவும் ஒரு காரணம்.

சில டீசல் வண்டிகளில் இன்னொரு சிறிய தொட்டி இருக்கும். அதில் யூரியாக் கரைசல் ஊற்ற வேண்டும். இது வண்டிக்கென்றே சுத்தமாகத் தயாரித்த கரைசல். வயலுக்குப் போடும் யூரியாவைக் கரைத்து ஒருபோதும் ஊற்றக்கூடாது. ஊற்றினால் கருவி கெட்டுவிடும்.

உடல்நலமும் சட்டமும்

டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று 2012இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு அறிவித்தது. வண்டியை மூடிய கொட்டகைக்குள் ஓடவிட்டு நிற்காதீர்கள். டீசலோ பெட்ரோலோ, இது எந்த வண்டிக்கும் பொருந்தும்.

பழைய வண்டி வாங்குபவர்கள் சட்டத்தையும் விசாரிக்க வேண்டும். டெல்லியிலும் அதைச் சுற்றியுள்ள பகுதியிலும் 10 வருடம் தாண்டிய டீசல் வண்டியும், 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டியும் ஓடக்கூடாது என்ற விதி வந்தது. 2018இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2025இல் அதில் தளர்வு தந்தது. விதிகள் இப்படி மாறும். மலிவாகக் கிடைக்கிறதே என்று வேறு ஊர் டீசல் வண்டியை வாங்கிவிடாதீர்கள். முதலில் உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள்.

வாங்கும் முன்பு

ஷோரூமில் சொல்லும் மைலேஜை அப்படியே நம்ப வேண்டாம். பாரம் இல்லாத வண்டிக்கும் பாரம் ஏற்றிய வண்டிக்கும் மைலேஜ் ஒன்றல்ல. அதே வண்டியை ஓட்டும் இரண்டு மூன்று பேரிடம் கேளுங்கள்.

வண்டி எத்தனை கிலோ தாங்கும் என்று ஆர்.சி.யில் உள்ள எடையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். இழுவை இருக்கிறது என்று அதற்கு மேல் ஏற்றக்கூடாது. அபராதம் விழும். பிரேக் பிடிக்காது. உயிருக்கும் ஆபத்து.

கடனுக்கு ஒரே இடத்தில் கேட்டு நிற்காதீர்கள். 2015இல் தொடங்கிய பிரதமரின் முத்ரா திட்டத்தில் சரக்கு வண்டிக்கும் வங்கிகள் கடன் தருகின்றன. வட்டி எவ்வளவு, மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

வாங்கிய பிறகும் பங்கில் கவனம் வேண்டும். டீசல் வண்டியில் பெட்ரோலோ, பெட்ரோல் வண்டியில் டீசலோ தவறி ஊற்றிவிட்டால் வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். தள்ளி ஓரமாக நிறுத்துங்கள். மெக்கானிக்கை அழைத்துத் தொட்டியைக் காலி செய்யச் சொல்லுங்கள்.

எரிவாயுவில் ஓடும் வண்டியும் மின்சார வண்டியும் இப்போது வந்துவிட்டன. அவற்றுக்கும் இதே கணக்குதான். கிலோமீட்டருக்கு என்ன செலவு, வண்டி விலையில் என்ன வித்தியாசம், இவை இரண்டையும் பாருங்கள். எரிவாயு நிரப்பவோ சார்ஜ் போடவோ பக்கத்தில் வசதி உண்டா என்றும் பாருங்கள்.

நீங்களே கணக்குப் போடுங்கள்

1. உங்கள் வண்டி ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும்? வருடத்தில் எத்தனை நாள் ஓடும்? இரண்டையும் பெருக்குங்கள்.

2. உங்கள் ஊரில் பெட்ரோல் விலை என்ன? டீசல் விலை என்ன? மைலேஜால் வகுத்தால் கிலோமீட்டருக்கு எவ்வளவு வரும்?

3. டீசலில் கிலோமீட்டருக்கு எவ்வளவு மிச்சம்? ஐந்து வருடத்துக்கு எவ்வளவு?

4. டீசல் வண்டிக்கு விலை எவ்வளவு அதிகம்? வட்டியோடு எவ்வளவு ஆகும்?

5. மூன்றாவது விடை பெரியதா, நான்காவது விடை பெரியதா?

மூன்றாவது பெரியது என்றால் டீசல் வாங்கலாம். நான்காவது பெரியது என்றால் பெட்ரோல் போதும். இந்தக் கணக்கை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து போடுங்கள். அதன் பிறகு ஷோரூமுக்குப் போங்கள்.